மதுச் சட்டத்தால் குடி குறைந்ததா? கணக்குப் போட்டுப் பார்க்க இறங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சமூகப்பணி முதுகலைக்கு நான் எடுத்த கேள்வி ஒரே வரிதான். கடைகளை மூடினார்களே, குடி குறைந்ததா? மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினான்கு மாதம் ஆனது. அதில் பாதிக்கு மேல் தவறான எண்ணைத் தவறான இடத்தில் தேடியே போயிற்று. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் மாணவராக இருக்கலாம், நிருபராக இருக்கலாம், கிராமசபையில் எழுந்து கேள்வி கேட்க நினைக்கிறவராக இருக்கலாம். புள்ளியியல் பட்டம் தேவையில்லை. எக்செல்லில் கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் பொறுமை.

1. "இந்தியாவின் மதுச் சட்டம்" என்று தொடங்காதீர்கள்

அப்படி ஒன்று கிடையாது. மது, அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பீகார் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்குக்குப் போனது. குஜராத்தில் வெகுகாலமாகவே மதுவிலக்கு. தமிழ்நாட்டில் அரசே கடை வைத்து விற்கிறது. எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் தனியார் கடைகள், விலையும் வேறு. இத்தனையையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால் அந்த எண் எந்தச் சட்டத்தைப் பற்றியும் பேசாது. ஒரு மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான் தமிழ்நாட்டை எடுத்தேன். கீழே வரும் உதாரணங்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

அப்புறம், மாநிலத்துக்குள்ளும் "சட்டம்" என்பது ஒரு மூட்டை. கடை எண்ணிக்கை, திறக்கும் நேரம், பள்ளியிலிருந்தும் கோயிலிலிருந்தும் இருக்க வேண்டிய தூரம், விலை, வயது வரம்பு (தமிழ்நாட்டில் 21), குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் தண்டனை என்று அதில் பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேலை செய்யும் விதம் வேறு. ஒன்றைப் பிடியுங்கள்.

எதை அளக்கிறீர்கள் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். குடிக்கிறவர்களின் எண்ணிக்கையா, குடிக்கும் அளவா, குடியால் வரும் கேடா? தினம் ஒரு குவார்ட்டர் அடித்தவர் பாதியாகக் குறைத்துக்கொண்டால் குடிக்கிறவர் எண்ணிக்கை அப்படியே இருக்கும், அளவு பாதியாகிவிடும். இந்த மூன்றையும் கலந்து எழுதியதால்தான் என் முதல் வரைவு முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

2. எண்ணைத் தேடுவதற்கு முன் தேதிப் பட்டியல்

எல்லாரும் எண்ணிலிருந்து தொடங்குகிறார்கள். தேதியிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: அறிவித்த நாள், அமலுக்கு வந்த நாள், பிறகு மாறிய நாள். தமிழ்நாட்டுக்கு என் பட்டியலில் இருந்தவற்றில் முக்கியமானவை இவை:

2016 மே 24: கடை திறக்கும் நேரம் காலை 10 மணியிலிருந்து பகல் 12 மணி ஆனது.
2016 ஜூன் 19: 500 கடைகள் மூடப்பட்டன.
2017 பிப்ரவரி: மேலும் 500 கடைகள்.
2017 ஏப்ரல் 1: தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன.
2020 மார்ச் 24: ஊரடங்கால் கடைகள் அடைப்பு. மே மாதத்தில் திறப்பு, மறுபடி அடைப்பு, மறுபடி திறப்பு. சென்னையில் ஆகஸ்ட் 18 வரை திறக்கவில்லை.
2023 ஜூன் 22: மீண்டும் 500 கடைகள் மூடல். 5,329 ஆக இருந்தது 4,829 ஆனது.
2024 பிப்ரவரி 1: விலை ஏற்றம்.

இதில் நான் விழுந்த குழியைச் சொல்கிறேன். நெடுஞ்சாலைத் தீர்ப்பு வந்தது 2016 டிசம்பர் 15. நான் அந்தத் தேதியில் கோடு போட்டு "முன்", "பின்" என்று பிரித்துவிட்டேன். கடைகள் உண்மையில் மூடியது மூன்றரை மாதம் கழித்து. அதுவும் அமலுக்கு முந்தைய நாள், மார்ச் 31 அன்று, மக்கள்தொகை 20,000 அல்லது அதற்குக் குறைவாக உள்ள உள்ளாட்சிகளுக்குத் தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. ஜூலையில், நகர எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்ற பொருளில் இன்னொரு விளக்கம் வந்தது. மூடிய கடைகளில் பல, வேறு இடத்தில் திறந்தன. ஆக "3,000 கடை மூடல்" என்ற ஒற்றை எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது. மாதக் கடைசியில் எத்தனை கடை இயங்கியது என்ற வரிசைதான் வேண்டும்.

நான்காவதாக ஒரு பத்தியும் போடுங்கள்: சட்டத்தோடு சம்பந்தமில்லாமல் விற்பனையைப் புரட்டிப்போட்ட நிகழ்வுகள். 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு அதில் முதலாவது. கையில் நோட்டு இல்லாத மாதங்களில் விற்பனை சரிந்தால், அதற்கும் அடுத்த பிப்ரவரியில் மூடிய 500 கடைகளுக்கும் என்ன சம்பந்தம்? தேர்தலும் அப்படித்தான். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் கடை கிடையாது. 2016 மே 16 வாக்குப்பதிவு, எட்டாம் நாள் நேரக் குறைப்பு. அந்த மே மாதத்தை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? நான் அதைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன்.

3. வருவாயைப் பார்க்காதீர்கள், லிட்டரைப் பாருங்கள்

பத்திரிகையில் வருவது எப்போதும் வருவாய்தான். டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 2023-24இல் 45,855 கோடி ரூபாய், 2024-25இல் 48,344 கோடி. உடனே "குடி கூடிவிட்டது" என்று தலைப்புப் போடுவார்கள். கூடியது சுமார் 5.4 சதவீதம். ஆனால் 2024 பிப்ரவரியில் சாதாரண குவார்ட்டருக்கு 10 ரூபாயும் உயர்ரகத்துக்கு 20 ரூபாயும் ஏற்றினார்கள். 2023-24இல் அந்த ஏற்றம் இரண்டே மாதத்துக்கு இருந்தது, 2024-25இல் பன்னிரண்டு மாதத்துக்கும் இருந்தது. அதே பாட்டில் எண்ணிக்கை விற்றிருந்தாலும் வருவாய் ஏறியிருக்கும். பாட்டில் குறைந்துகூட இருக்கலாம். வருவாயை மட்டும் வைத்து இதைச் சொல்ல வழியே இல்லை.

ஆகவே தூய ஆல்கஹால் எத்தனை லிட்டர் என்று மாற்ற வேண்டும். கேட்க மிரட்டலாக இருக்கும், கணக்கு எளிது. ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து லேபிளைப் படியுங்கள். 180 மில்லி, ஆல்கஹால் 42.8 சதவீதம். பெருக்கினால் 77 மில்லி. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு, ஒரு மில்லி 0.789 கிராம்; ஆக ஏறத்தாழ 61 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு "அளவு" என்று கணக்கிடுவது 10 கிராம். அந்தக் கணக்கில் நம் குவார்ட்டர் ஆறு அளவு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நின்றபடி பத்து நிமிடத்தில் முடிக்கிறார்களே, அது ஆறு!

பீர் 650 மில்லி. 5 சதவீதம் என்றால் 32.5 மில்லி, 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 52 மில்லி.

உங்களுக்குக் கிடைக்கப்போவது பெட்டிக் கணக்கு. குவார்ட்டர் பெட்டியில் 48 பாட்டில், 8.64 லிட்டர், அதில் தூய ஆல்கஹால் சுமார் 3.7 லிட்டர். பீர் பெட்டியில் 12 பாட்டில், 7.8 லிட்டர், தூய ஆல்கஹால் 0.39 முதல் 0.62 லிட்டர். அதாவது ஒரு பெட்டி பிராந்திக்கு ஈடு, ஆறிலிருந்து ஒன்பதரைப் பெட்டி பீர். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு பெட்டிகளையும் கூட்டினால் கோடைக்காலம் உங்களை ஏமாற்றிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் பீர் பெட்டி ஏறும், மொத்தப் பெட்டி ஏறும், உள்ளே போன ஆல்கஹால் ஏறாமலே இருக்கும்.

கடைசியாக ஆளுக்கு எவ்வளவு என்று வகுக்க வேண்டும். ஒரு கற்பனை மாவட்டம் வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு லட்சம் குவார்ட்டர் பெட்டி, 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் 20 லட்சம் பேர். 3.7 லட்சம் லிட்டரை 20 லட்சத்தால் வகுத்தால் மாதம் 0.185 லிட்டர், வருடத்துக்கு 2.2 லிட்டர். மக்கள்தொகைக்கு 2011 கணக்கெடுப்பை அப்படியே போடாதீர்கள். போட்டால் வருடாவருடம் ஆளுக்குரிய அளவு தானாகவே ஏறிக்கொண்டு போகும். தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் தொழில்நுட்பக் குழு 2011 முதல் 2036 வரை மதிப்பீடு வெளியிட்டிருக்கிறது, அதிலிருந்து எடுங்கள்.

4. பெட்டிக் கணக்கை வாங்குவது: தகவல் உரிமை மனு

மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது பேரவையில் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கும். ஆயத்தீர்வை எவ்வளவு, மதிப்புக்கூட்டு வரி எவ்வளவு என்று தனித்தனியாக அதில் இருக்கும். இலவசம், தமிழிலேயே கிடைக்கும். ஆனால் மாதவாரி, மாவட்டவாரி வேண்டும் என்றால் மனுதான்.

என் முதல் மனு: "கடைகள் மூடப்பட்டதால் மது நுகர்வு குறைந்துள்ளதா என்ற விவரம் தரவும்." எந்த அலுவலகத்தின் கணக்கு வேண்டும் என்று நான் குறிப்பிடவில்லை. முப்பதாவது நாள் ஒற்றை வரிப் பதில்: "தாங்கள் கோரும் விவரம் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை." கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான். கோப்பில் இருப்பதைத்தான் கேட்க முடியும், கருத்தைக் கேட்க முடியாது.

இரண்டாவது மனுவில் எந்தெந்த பிராண்டு எவ்வளவு விற்றது என்று கேட்டேன். வணிக ரகசியம், பிரிவு 8(1)(டி), தர இயலாது. அந்த விவரம் எனக்குத் தேவையே இல்லை, ஆசைப்பட்டுக் கேட்டது. ஒரு மாதம் போனது.

மூன்றாவது மனு இப்படி இருந்தது: "2014 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை, மாதவாரியாக, மாவட்ட மேலாளர் அலுவலகவாரியாக, (அ) விற்பனையான இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மதுவகைப் பெட்டிகளின் எண்ணிக்கை, (ஆ) விற்பனையான பீர் பெட்டிகளின் எண்ணிக்கை, (இ) மாத இறுதியில் இயங்கிய சில்லறை விற்பனைக் கடைகளின் எண்ணிக்கை." கிடைத்தது. இந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், ஆண்டை மட்டும் மாற்றுங்கள்.

செலவு: மனுவுக்கு 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று இணைக்க வேண்டும். தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். மேல்முறையீட்டில் அதுதான் உங்கள் சாட்சி.

காலம்: பதிலுக்கு 30 நாள். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் மசியாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு. அது எப்போது விசாரணைக்கு வரும் என்று காத்திருந்தால் பட்டம் போய்விடும். ஆகவே ஒரே மனுவில் எல்லாவற்றையும் அடைக்காமல் மூன்று சிறு மனுக்களாகப் போடுங்கள். ஒன்று மறுக்கப்பட்டாலும் மற்றவை வந்துவிடும்.

எண் கையில் வந்த பிறகும் ஒரு பொறி இருக்கிறது, மாவட்டம் என்ற சொல். டாஸ்மாக்கின் மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றல்ல. காஞ்சிபுரம் வடக்கு, தெற்கு, திருவள்ளூர் கிழக்கு, மேற்கு என்று அவர்களுக்குத் தனிப் பிரிப்பு உண்டு. போதாததற்கு 2019, 2020இல் செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கள்ளக்குறிச்சி, தென்காசி, மயிலாடுதுறை என்று புது மாவட்டங்கள் பிறந்தன. பிந்தைய ஆண்டுகளின் கணக்கைப் பார்த்துவிட்டு, வேலூரில் விற்பனை சரிந்துவிட்டது என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷப்பட்டேன். வேலூர்தான் மூன்றாகியிருந்தது. பழைய எல்லைக்கே எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

5. கணக்கெடுப்புகளை ஒட்டுப்போடாதீர்கள்

தேசியக் குடும்பநல ஆய்வு எல்லாருக்கும் தெரிந்தது, தகவல் தாள் இலவசம். நான்காவது சுற்றில் (2015-16) தமிழ்நாட்டு ஆண்களில் குடிப்பவர்கள் 46.7 சதவீதம். ஐந்தாவது சுற்றில் (2019-21) 25.4 சதவீதம். பார்த்ததும் ஆய்வே முடிந்துவிட்டது, கடை மூடியதால் பாதியாகிவிட்டது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, என் ஆய்வு வழிகாட்டிக்கு நள்ளிரவில் செய்திகூட அனுப்பினேன்.

முதல் எண் 15 முதல் 49 வயது ஆண்களுக்கு. இரண்டாவது எண் 15 வயதுக்கு மேற்பட்ட எல்லா ஆண்களுக்கும், எழுபது வயதுத் தாத்தா உட்பட. வேறு வேறு கூட்டம், ஒப்பிடவே கூடாது. ஒரே வயது வரம்புக்கு மறுபடி கணக்கிட வேண்டுமானால் தனிநபர் தரவுக் கோப்பைப் பதிவுசெய்து வாங்க வேண்டும். வாங்கியதும் முதலில் கேள்விப் படிவத்தைத் திறந்து, கேள்வியை யாரிடம் கேட்டார்கள், ஒவ்வொரு ஆணிடமுமா, வீட்டில் ஒருவரிடம் எல்லாருக்குமாகச் சேர்த்தா என்று பாருங்கள். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் வரும் பதிலும் வேறு.

இன்னொன்று. தமிழ்நாட்டில் ஐந்தாவது சுற்றின் களப்பணி 2020 ஜனவரியில் தொடங்கி ஊரடங்கால் மார்ச் 21இல் நின்றது. மறுபடி டிசம்பர் 21இல் தொடங்கி 2021 மார்ச்சில் முடிந்தது. இரண்டு வேறு உலகங்களின் சராசரி அது. நான்காவது சுற்றோ 2015இல், கடை மூடல் தொடங்குவதற்கு முன்பே எடுக்கப்பட்டது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேரக் குறைப்பு, மூன்று பெரிய மூடல், விலையேற்றம், பணமதிப்பிழப்பு எல்லாம் இருக்கின்றன. எது குறைத்தது என்று இரண்டு புள்ளியை வைத்துச் சொல்ல முடியாது.

வீட்டுச் செலவுக் கணக்கெடுப்பின் அறிக்கையில் பாக்கு, புகையிலை, போதைப்பொருள் மூன்றும் ஒரே தலைப்பில் வரும். மதுவைத் தனியே பிரிக்க அங்கும் தனித்தரவுதான் வேண்டும். 2011-12க்குப் பிறகு அடுத்து வெளியானது 2022-23, அதையும் நினைவில் வையுங்கள்.

6. கணக்கில் வராத குடி

கடையில் விற்றது மட்டும்தான் உங்கள் பெட்டிக் கணக்கில் இருக்கிறது. கள்ளச்சாராயம், புதுச்சேரிச் சரக்கு, எல்லையோரக் கர்நாடகப் பாக்கெட், தடைக்கு மீறி இறக்கும் கள் எதுவும் இல்லை. கடை ஒன்றுகூட இல்லாத பீகாரில் ஐந்தாவது சுற்றில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 15.5 சதவீதம் பேர் குடிக்கிறார்கள் என்று வந்தது. அங்கே விற்பனைக் கணக்கை வைத்து அளந்தால் பூஜ்யம். உலக சுகாதார நிறுவனத்தின் 2018 அறிக்கையில் இந்தியாவுக்கு ஆளுக்கு 5.7 லிட்டர் (2016) என்று இருக்கிறது, அதில் ஏறக்குறைய பாதி பதிவில் வராத குடி என்பது அவர்கள் மதிப்பீடு.

இதைத் துல்லியமாக அளக்க முடியாது. திசையைப் பிடிக்கலாம். எல்லை மாவட்டங்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். விழுப்புரத்திலும் கடலூரிலும் மட்டும் விற்பனை சரிந்து, நடு மாவட்டங்களில் சரியவில்லை என்றால் சரக்கு புதுச்சேரியிலிருந்து வருகிறது என்று சந்தேகப்படலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கையில் விஷச்சாராயச் சாவு தனி வரியாக வரும். ஆனால் அது ஆண்டுக்காண்டு தாறுமாறாகக் குதிக்கும். 2024 ஜூன் கள்ளக்குறிச்சி மாதிரி ஒரே ஊரில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தால் அந்த ஆண்டின் எண்ணே மாறிவிடும். போக்குக்கு அது உதவாது.

நேரில் போய்ப் பார்ப்பதும் வேண்டும். ஒரு கடைக்கு எதிரே டீக்கடையில் ஒரு வாரம் உட்கார்ந்து, பகல் 12 மணியிலிருந்து ஒரு மணி நேரம் வருகிறவர்களை எண்ணினேன். திங்கள் முதல் வெள்ளி வரை எண்ணிவிட்டு மூட்டை கட்டும்போது டீ மாஸ்டர் கேட்டார்: "தம்பி, சனிக்கிழமைல்ல கூலி குடுப்பாங்க? அன்னிக்கு வராம என்னத்த எண்ணுறீங்க?" சனிக்கிழமை வந்த கூட்டத்துக்கு முன்னால் நான் எண்ணி வைத்திருந்த ஐந்து நாளும் ஒன்றுமே இல்லை. இன்னொன்றும் அவர்தான் சொன்னார். 12 மணிக்கு முன்னாலும் குடிக்கிறவர்கள் குடிக்கிறார்கள், சந்துக்கடையில், பாட்டிலுக்குக் கூடுதல் காசு கொடுத்து. முந்தின இரவே கடையில் வாங்கி வைத்து விற்பது அது. அந்த பாட்டில் உங்கள் பெட்டிக் கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்டது, மறுபடி கூட்டாதீர்கள். ஆனால் நேரக் குறைப்பு எவ்வளவு அமலானது என்பதற்கு அந்தச் சந்துதான் அளவுகோல்.

மாணவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை: ஆட்களிடம் பேட்டி எடுப்பதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று எடுத்த பேட்டிகளை நான் தூக்கிப்போட வேண்டியிருந்தது.

7. எதோடு ஒப்பிடுவது

இங்கேதான் ஆய்வு நிற்கும், அல்லது விழும்.

முதலில் மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும்போது தீபாவளியைப் பாருங்கள். 2017இல் தீபாவளி அக்டோபர் 18, 2018இல் நவம்பர் 6. 2018 அக்டோபரை முந்தைய அக்டோபரோடு வைத்தால் விற்பனை குறைந்த மாதிரித் தெரியும், நவம்பரில் எகிறிய மாதிரித் தெரியும். அக்டோபரையும் நவம்பரையும் சேர்த்து ஒரே துண்டாக எடுங்கள். கார்த்திகை, மார்கழியில் மாலை போடுகிறவர்களால் வரும் மந்தமும் உண்டு. அதனால் மாற்றத்துக்கு முன்னால் குறைந்தது இரண்டு முழு ஆண்டு, பின்னால் இரண்டு முழு ஆண்டு மாதக் கணக்கு இல்லாமல் இறங்காதீர்கள்.

அடுத்து, சட்டம் தொடாத ஓர் இடம் வேண்டும். ஸ்காட்லாந்து 2018 மே 1 முதல் மதுவுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தது, 10 மில்லி தூய ஆல்கஹாலுக்கு 50 பென்ஸ். பக்கத்தில் இங்கிலாந்தில் அந்தச் சட்டம் இல்லை. ஒப்பிட வசதி. அங்கே சட்டத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது: ஐந்தாண்டில் மதிப்பீட்டு அறிக்கை வர வேண்டும், நாடாளுமன்றம் நீட்டிக்காவிட்டால் ஆறாண்டில் சட்டம் காலாவதி. நம் ஊரில் எந்த மது ஆணையிலும் இப்படி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை. 2023 அறிக்கை, மதுவால் நேரடியாக வரும் சாவு 13.4 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. ஆனால் ஸ்காட்லாந்தின் மதுச் சாவுகளை நேரடியாகப் பார்த்தால் 2017இல் 1,120, 2022இல் 1,276. ஏறியிருக்கிறது! முரண் இல்லை. சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்பதோடு ஒப்பிட்டுத்தான் அந்த 13.4. கொரோனாக் காலம் எல்லா இடத்திலும் சாவை ஏற்றியது. "முன்னைவிட", "இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதைவிட" என்ற இரண்டையும் உங்கள் கட்டுரையில் ஒரே சொல்லால் குறிக்காதீர்கள்.

நமக்கு ஒப்பிட எது? 2016, 2023 மூடல்களுக்குக் கர்நாடகமோ கேரளமோ ஓரளவு ஆகும். 2017 நெடுஞ்சாலை உத்தரவுக்கு ஆகாது, அது நாடு முழுக்க வந்தது. அதற்கு மாநிலத்துக்குள்ளேயே வழி இருக்கிறது. நெடுஞ்சாலை ஓரம் அதிகக் கடை வைத்திருந்த மாவட்டங்கள் அதிகம் இழந்தன, மற்றவை குறைவாக இழந்தன. எத்தனை சதவீதக் கடை போனது என்பதை ஓர் அச்சிலும், ஆளுக்குரிய லிட்டர் எவ்வளவு மாறியது என்பதை இன்னோர் அச்சிலும் புள்ளி வைத்துப் பாருங்கள். அதிகம் இழந்த இடத்தில் அதிகம் குறைந்திருந்தால் சட்டத்துக்கு ஒரு பங்கு உண்டு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் காரணத்தை வேறெங்கோ தேடுங்கள்.

கேரளத்தை எடுப்பவர்களுக்கு: 2014 ஏப்ரலில் 418 பார்களுக்கு உரிமம் புதுப்பிக்கவில்லை, பிறகு ஐந்து நட்சத்திர ஓட்டல் தவிர மற்ற பார்களும் போயின. பீர், ஒயின் பார்லர்களுக்கு இடம் கொடுத்தார்கள். காட்டமான சரக்கு குறைந்து பீர் ஏறியது. மூன்றாம் படியின் லிட்டர் கணக்கு இல்லாமல் அங்கே ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

8. குடியால் வரும் கேட்டை அளப்பது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே இதில் அரைகுறைதான்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்குகளை எடுக்காதீர்கள். அது போலீஸ் எத்தனை இரவு ஊதச் சொன்னார்கள் என்பதன் கணக்கு. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதம் 10,000 ரூபாய் ஆனபோது வழக்கு எண்ணிக்கை மாறினால் அதற்குக் குடி காரணமாக இருக்க வேண்டியதில்லை. அதற்குப் பதில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் மூன்று மணி நேரத் துண்டுகளாக வரும் விபத்துக் கணக்கை எடுங்கள். மாலை 6 முதல் நள்ளிரவு வரை நடந்தவை மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பாருங்கள். இரவு விபத்து எல்லாம் குடியால் வருவதில்லை, ஆனாலும் பங்கு மாறுகிறதா என்பது ஒரு தடயம். கல்லீரல் நோய் வருடக்கணக்கில் வளர்வது. 2023இல் மூடிய கடையின் பலனை அதற்கு மறு வருடத்து ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் முழுசாகத் தேடாதீர்கள்.

9. செலவும் காலமும்

எனக்கு ஆன செலவு: மனுக்கள், தபால், நகல் எல்லாம் சேர்த்து 740 ரூபாய். களப்பணிக்குப் பேருந்தும் டீயும் இரண்டாயிரத்துச் சொச்சம். மென்பொருளுக்குச் செலவில்லை, லிப்ரே ஆபீஸ் போதுமானதாக இருந்தது.

காலத்தை இப்படிப் பிரியுங்கள். தேதிப் பட்டியலுக்கு மூன்று வாரம். மனுக்களுக்கு மூன்று மாதம், அந்த நேரத்தில் கணக்கெடுப்புத் தரவைப் பதிவிறக்கிப் படிவத்தைப் படியுங்கள். பழைய மாவட்ட எல்லைக்கு எண்ணைக் கூட்ட இரண்டு வாரம். குறைத்து மதிப்பிடாதீர்கள், கண் பூத்துவிடும். ஒப்பீட்டுக்கு ஒரு மாதம். எழுத இன்னொரு மாதம்.

மனுவை ஏப்ரலில் போடாதீர்கள். நிதியாண்டு மார்ச்சில் முடிந்தாலும் கணக்கு முடிய நாளாகும், "விவரம் தொகுப்பில் உள்ளது" என்று பதில் வரும். ஜூன் மாதம் போட்டால் முந்தைய மார்ச் வரைக்கும் எண் கையில் இருக்கும். எண்கள் அச்சுத்தாளில் வந்தால், தட்டச்சு செய்த பிறகு ஒவ்வொரு மாவட்டத்தையும் கூட்டி அவர்கள் கொடுத்த மாநில மொத்தத்தோடு ஒத்துப்பாருங்கள். எனக்கு ஒரு மாதத்தில் 5,000 பெட்டி இடித்தது. இரண்டு நாள் தேடினேன். ஓர் 8ஐ 3 என்று அடித்திருந்தேன்.